மில் சங்குக்கும் ட்ரிப் பதிவுக்கும் ஜிபிஎஸ் கடிகாரம் சரிப்படுமா?

பெருந்துறைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்பு பார்க்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: "மில்லுக்கு ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கப் போகிறோம். நான்கு ரிலே அவுட்புட், எட்டு ஈவென்ட் இன்புட், துல்லியம் 100 நானோ செகண்ட் என்று கொட்டேஷனில் போட்டிருக்கிறார்கள். ஷிப்ட் சங்கை அந்த ரிலேயில் நேரடியாக ஓட்டலாமா? கரன்ட் போகும்போது எந்த பிரேக்கர் முதலில் விழுந்தது என்று அதிலேயே பதியலாமா? அந்த 100 நானோ செகண்ட் இரண்டுக்கும் பொருந்துமா? பழைய சங்கு டைமரைக் கழற்றிவிடலாமா?"

ஜிபிஎஸ் கடிகாரம் என்பது சாட்டிலைட்டிலிருந்து நேரம் எடுக்கும் கடிகாரம். ரிலே அவுட்புட் என்பது அது குறித்த நேரத்தில் போடும் ஸ்விட்ச், ஈவென்ட் இன்புட் என்பது வெளியிலிருந்து சிக்னல் வந்த நேரத்தைப் பதியும் வாசல். சங்கை ஓட்டலாம், நேரடியாக வேண்டாம். பிரேக்கர் விழும் நேரத்தை, அதாவது ட்ரிப் நேரத்தைப் பதியலாம், ஆனால் வயரிங் எப்படி இழுக்கிறீர்கள் என்பதில்தான் அந்தப் பதிவு நிற்கும் அல்லது விழும். 100 நானோ செகண்ட் இரண்டுக்குமே பொருந்தாது. டைமரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் விலையை ஏற்றுவதே அதுதான். ஜிபிஎஸ் ரிசீவர் ஒவ்வொரு செகண்டின் தொடக்கத்திலும் ஒரு மின் துடிப்பு கொடுக்கும். பிபிஎஸ் என்பார்கள். உண்மையான செகண்ட் தொடங்கும் கணத்துக்கும் இந்தத் துடிப்பு எழும் கணத்துக்கும் உள்ள வித்தியாசம் 100 நானோ செகண்டுக்குள் இருக்கும் என்பதுதான் கொட்டேஷனில் இருக்கும் வாக்குறுதி. அது கடிகாரத்தின் பின்பக்க சாக்கெட்டில் அளந்த கணக்கு. அங்கிருந்து ஒரு கேபிள் இழுத்தால் மீட்டருக்குச் சுமார் 5 நானோ செகண்ட் கூடும். ஒரு ரிலே வைத்தால் கணக்கே வேறாகிவிடும். சாதாரண மெக்கானிக்கல் ரிலேயில் காயிலில் கரன்ட் ஏறி, ஆர்மேச்சர் நகர்ந்து, கான்டாக்ட் தொடுவதற்கு 5 முதல் 15 மில்லி செகண்ட் பிடிக்கும். 10 மில்லி செகண்ட் என்றால் 1 கோடி நானோ செகண்ட். தொட்ட பிறகும் கான்டாக்ட் உடனே அடங்காது, ஓரிரு மில்லி செகண்ட் துள்ளும். நகரும் பாகம் இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே போட்டால் துள்ளல் இல்லை. ஆனால் ஏசி லோடுக்கான ஜீரோ கிராஸிங் வகை என்றால் அலை பூஜ்யத்தைத் தொடும்வரை காத்திருக்கும். நம் 50 ஹெர்ட்ஸில் அது 10 மில்லி செகண்ட் வரை போகலாம்.

ரிலே அவுட்புட்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கடிகாரத்துக்கு அடுத்த 8 மணி எப்போது வரும் என்று முன்னாலேயே தெரியும். அதனால் ரிலே 8 மில்லி செகண்ட் தாமதிக்கும் என்றால் அதைக் கணக்கு வைத்து, அவ்வளவு முன்னதாகவே காயிலைத் தூண்டிவிடலாம். சில கடிகாரங்களில் இதற்கு செட்டிங்கே இருக்கும். காயில் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறி ரிலே கொஞ்சம் மந்தமாகும், ரிலேக்கு ரிலே வித்தியாசமும் உண்டு. அதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு மில்லி செகண்ட் சொச்சத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். ஈவென்ட் இன்புட்டில் இந்த வசதி கிடையாது. பிரேக்கர் எப்போது விழப்போகிறது என்று கடிகாரத்துக்கு யாரும் சொல்லிவைப்பதில்லை. சிக்னல் வந்து சேர்ந்த பிறகுதான் நேரம் குறிக்க முடியும், வரும் வழியில் ஆன தாமதம் முழுவதும் பதிவில் ஏறிவிடும். அதனால்தான் சங்கு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ட்ரிப் பதிவுக்கு அதிக இடம் ஒதுக்குகிறேன்.

சங்குக்கு மில்லி செகண்டே தேவையில்லை. மோட்டார் சைரன் முழு வேகம் எடுக்கவே சில செகண்ட் ஆகும். சத்தம் ஒரு கிலோமீட்டர் போய்ச் சேர கிட்டத்தட்ட 3 செகண்ட். கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்த காலம் தொட்டு, ஊரே மில் சங்கைக் கேட்டு மணி சொன்ன பகுதி இது. அந்தச் சங்கை யாரும் செகண்ட் கணக்கில் நம்பவில்லை. இன்றைக்கு மில்லில் சண்டை வருவது வேறு இடத்தில். "ஏனுங்க, சங்கு ஊதறதுக்குள்ள கைய வெச்சுட்டனுங்க, மிஷின்ல ரண்டு நிமிசம் லேட்டுன்னு காட்டுதுங்க" என்று அரை நைட் ஷிப்டுக்கு வந்தவர் டைம் ஆபீஸ் ஜன்னலில் நிற்பார். சங்கும் வருகைப் பதிவு மிஷினும் கேமரா ரெக்கார்டரும் ஆளுக்கொரு நேரம் காட்டுவதுதான் பிரச்சனை. நீங்கள் வாங்கும் கடிகாரத்தில் என்டிபி போர்ட் (நெட்வொர்க் வழியாக மற்ற கருவிகளுக்கு நேரம் கொடுக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மிஷினையும் கேமராவையும் மில் நெட்வொர்க் வழியாக அதோடு சேர்த்துவிடுங்கள். மில்லுக்குள் எல்லாம் ஒரே நேரம் காட்டுவதுதான் சங்கின் துல்லியத்தைவிடப் பெரிய லாபம்.

ரிலே கான்டாக்டில் "5 ஆம்ப், 250 வோல்ட்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான ரெசிஸ்டிவ் லோடுக்கு. சைரன் மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு வரை கரன்ட் இழுக்கும். அதை நேரடியாகக் கொடுத்தால் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், சங்கு நிற்கவே நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டாருக்கான பெரிய மின் ஸ்விட்ச்) காயிலை மட்டும் ஓட்டட்டும், மோட்டாருக்கு அந்தக் கான்டாக்டரும் ஓவர்லோடும் இருக்கட்டும். 230 வோல்ட் ஏசி காயில் என்றால் அதன் குறுக்கே ஒரு ஆர்சி ஸ்னப்பர் (அணைக்கும்போது எழும் வோல்டேஜ் துள்ளலை அடக்கும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்) போடுங்கள். பலர் இதைக் கடிகாரத்தின் ரிலே கான்டாக்ட் குறுக்கே போட்டுவிடுகிறார்கள். 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்டில் 7 மில்லி ஆம்ப் கசியும். சின்னக் காயிலாக இருந்தால் அந்தக் கசிவிலேயே விடாமல் பிடித்துக்கொள்ளும், இண்டிகேட்டர் லேம்ப் மினுக்மினுக்கென்று எரியும். டிசி காயிலுக்கு டயோடு போதும். டயோடு போட்டால் காயில் விடுவது சில மில்லி செகண்ட் தாமதமாகும், சங்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ரிலேயில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கடிகாரம் ஆன் ஆகும்போது அது என்ன செய்கிறது என்பது. 7 மணி 59 நிமிடத்துக்கு கரன்ட் வந்து கடிகாரம் உயிர் பெறுகிறது என்று வையுங்கள். சாட்டிலைட் கிடைக்கும்வரை உள்ளே இருக்கும் கிரிஸ்டல் நேரத்தில் ஓடும். சாட்டிலைட் நேரம் பிடிபட்டதும், அதாவது லாக் ஆனதும், சரியான நேரத்துக்கு ஒரே தாவாகத் தாவும். அந்தத் தாவலில் 8:00:00 விழுங்கப்பட்டால் சங்கு ஊதாது. பின்னோக்கித் தாவினால் இரண்டு முறை ஊதும். லாக் ஆகும்வரை ரிலேயை நிறுத்திவைக்கும் செட்டிங் இருக்கிறதா, தாவலில் தவறிய நேரத்தை என்ன செய்யும் என்று விற்பவரைக் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் அந்த மாடலை வாங்க வேண்டாம் என்பேன்.

இதோடு சேர்ந்த ஒரு 18 செகண்ட் கதை உண்டு. பூமி சுழலும் வேகத்துக்கு ஏற்ப உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் ஒரு செகண்டை லீப் செகண்ட் என்பார்கள். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் அதைச் சேர்ப்பதில்லை. நம் கடிகாரங்கள் பின்பற்றும் யூடிசி என்ற உலகப் பொது நேரம் சேர்க்கிறது. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 முடியும்போது, நம் நேரத்துக்கு 2017 ஜனவரி 1 காலை ஐந்தரைக்கு. அதிலிருந்து இரண்டுக்கும் 18 செகண்ட் வித்தியாசம். இந்த 18 என்ற எண்ணையும் சாட்டிலைட்டே சொல்லும், ஆனால் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான். புதிதாக அல்லது ரொம்ப நாள் கழித்து ஆன் செய்த ரிசீவர், அது வரும்வரை தன் மெமரியில் இருக்கும் பழைய எண்ணை வைத்து ஓட்டும். அதனால் ஆன் ஆன முதல் கால் மணி நேரத்தில் பதிவான எதையும் செகண்ட் கணக்கில் நம்ப வேண்டாம். செட்டிங்கில் ப்ளஸ் 5:30 போட முடிகிறதா என்றும் பாருங்கள். முழு மணி மட்டுமே ஏற்கும் மலிவு கடிகாரங்களும் இருக்கின்றன. வெளிநாட்டுக் கோடைகால நேர மாற்றம் ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

சரி, ட்ரிப் பதிவுக்கு வருவோம்.

இங்கே மில்லி செகண்டுக்கு உண்மையான மதிப்பு உண்டு. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி செகண்ட். பாதுகாப்பு ரிலே ஃபால்டைக் (மின் கோளாறை) கண்டு கட்டளை கொடுக்க ஒன்றிரண்டு சுற்று, பிரேக்கர் திறக்க இன்னும் இரண்டு மூன்று சுற்று. அதாவது ஒரு முழுக் கதையும் 100 மில்லி செகண்டுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. 1 மில்லி செகண்ட் அளவுக்கு நேரம் குறித்தால் வரிசை தெரியும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனபோது, விசாரணைக் குழுவுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது பல இடங்களின் பதிவுகளில் நேரம் ஒத்துப்போகாததுதான். எது எதற்கு முன் நடந்தது என்று அடுக்கவே பெரும்பாடு பட்டார்கள். பதிவுக் கருவிகளை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்று அதன் பிறகு பரிந்துரை வந்தது. உங்கள் மில் அந்த அளவு இல்லை, ஆனால் கேள்வி அதேதான்.

உங்கள் பேனலில் இருக்கும் பாதுகாப்பு ரிலே நியூமரிக்கல் வகை (உள்ளே கம்ப்யூட்டர் சிப் இருப்பது) என்றால் கடிகாரத்தின் ஈவென்ட் இன்புட்டை மறந்துவிடலாம். அந்த ரிலேக்கு உள்ளேயே ஈவென்ட் பதிவு இருக்கும், ஃபால்ட் அலைவடிவத்தையும் பிடித்துவைத்திருக்கும். அதன் கடிகாரம்தான் கண்டபடி ஓடிக்கொண்டிருக்கும். ஐரிக்-பி (நேரத்தை வயரில் அனுப்பும் ஒரு சிக்னல் முறை) அல்லது என்டிபி வழியாக அதற்கு நேரம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கடிகாரத்தின் எட்டு இன்புட்டுகள் பழைய எலக்ட்ரோமெக்கானிக்கல் ரிலே, பிரேக்கர் திறந்ததா மூடியதா என்று காட்டும் ஆக்ஸிலரி கான்டாக்ட் போன்றவற்றுக்குத்தான் உதவும்.

வயரிங்கில் நடக்கும் பெரிய கோளாறு இடையில் இன்னொரு ரிலே போடுவது. ஒரு உதாரணம்: கம்ப்ரஸர் ஃபீடர் கேபிளில் ஃபால்ட். கம்ப்ரஸர் பிரேக்கர் விழுகிறது. இரண்டு பிரேக்கர்களின் செட்டிங்குக்கும் இடையே போதிய இடைவெளி வைக்காததால் 5 மில்லி செகண்ட் கழித்து, மில்லுக்கே கரன்ட் வரும் பிரேக்கரான மெயின் இன்கமரும் விழுகிறது. இன்கமர் பேனல் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் கான்டாக்டை நேராக இழுத்திருக்கிறார்கள். கம்ப்ரஸர் அறை தூரம் என்பதால் நடுவில் ஒரு ஆக்ஸிலரி ரிலே வைத்திருக்கிறார்கள், அது 12 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறது. பதிவில் இன்கமர் 5-இலும் கம்ப்ரஸர் 12-இலும் இருக்கும். இன்கமர்தான் முதலில் விழுந்தது என்று எல்லோரும் வெளி லைனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஃபால்ட் உள்ளே கேபிளில் இருக்கும். எட்டு சேனலையும் ஒரே மாதிரி இழுங்கள். ஒன்றுக்கு இடைரிலே தவிர்க்க முடியாது என்றால் எல்லாவற்றுக்கும் அதே மாடல் இடைரிலே போடுங்கள்.

துள்ளலைக் கடிகாரம் எப்படிக் கையாளுகிறது என்பதும் இதே அளவு முக்கியம். கான்டாக்ட் துள்ளும்போது ஒரே ட்ரிப் பத்துப் பதினைந்து ஈவென்டாகப் பதியாமல் இருக்க ஒரு வடிகட்டி வைப்பார்கள். நல்ல கருவி முதல் தொடுதலின் நேரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்த 5 மில்லி செகண்டோ 10 மில்லி செகண்டோ அது நிலைக்கிறதா என்று பார்த்து, நிலைத்தால் பிடித்த நேரத்தையே எழுதும். சுமாரான கருவி காத்திருந்து முடித்த பிறகு அந்த நேரத்தை எழுதும். இரண்டின் விவரக்குறிப்பிலும் "1 மில்லி செகண்ட்" என்றுதான் போட்டிருக்கும். மிஷின்களை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரான பிஎல்சியில் நேரம் குறிப்பது இன்னும் மோசம். ஸ்கேன் ஒரு சுற்று வரும்வரை அது கண்ணைத் திறக்காது. அந்த பிஎல்சியை மாட்பஸ் என்ற தகவல் இணைப்பு வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டர் கேட்டு, கம்ப்யூட்டர் தன் நேரத்தைப் போட்டால் அரை செகண்ட்கூடத் தள்ளிப்போகும்.

பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் ஆக்ஸிலரி கான்டாக்டுகளின் மேல் தூசும் ஆக்ஸைடும் படியும். 5 வோல்டோ 12 வோல்டோ கொடுத்துப் பார்க்கும் இன்புட் இதில் தடுமாறும். 48 அல்லது 110 வோல்ட் டிசியில் சில மில்லி ஆம்ப் ஓடும்படி இருந்தால் அந்தப் படலத்தை உடைத்துப் போகும். இன்புட் அந்த வோல்டேஜுக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னல் வயரைப் பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில் போட்டால் 50 ஹெர்ட்ஸ் ஏறும். பதிவில் சரியாக 20 மில்லி செகண்ட் அல்லது 10 மில்லி செகண்ட் இடைவெளியில் ஈவென்டுகள் வரிசையாக வந்தால் அது பிரேக்கர் இல்லை, மெயின்ஸ் இண்டக்‌ஷன். ஷீல்டு கேபிள் போட்டு ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இப்படி ஒரு சேனல் பைத்தியம் பிடித்தால் மெமரி நிரம்பிவிடும். நிரம்பினால் பழையதை அழித்து எழுதுமா, அல்லது பதிவதையே நிறுத்திவிடுமா என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வரிசை கிடைத்தாலே காரணம் கிடைத்ததாக ஆகாது. வெளி லைனில் வோல்டேஜ் டிப் (கண நேர இறக்கம்) வந்தால் ஸ்பின்னிங் மிஷின் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள் சில பத்து மில்லி செகண்டில் ட்ரிப் ஆகிவிடும். வோல்டேஜ் குறைந்தால் இன்கமரை விழவைக்கும் அண்டர்வோல்டேஜ் ரிலேயோ ஒன்றிரண்டு செகண்ட் பொறுத்துத்தான் விழும்படி செட் செய்திருப்பார்கள். பதிவைப் பார்த்தால் டிரைவ் முதல் குற்றவாளி. இதற்கு வழி, அந்த அண்டர்வோல்டேஜ் ரிலேயின் ட்ரிப் கான்டாக்டோடு, அது டிப்பை முதலில் உணரும் ஸ்டார்ட் கான்டாக்டையும் ஒரு சேனலில் கொண்டுவருவது. எட்டில் ஒன்றை இதற்குக் கொடுப்பது வீண் இல்லை.

மெக்கானிக்கல் கான்டாக்டே சரிப்படாத இடங்களும் இருக்கின்றன. நம்மூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரியான ரேஸ் டிராக்கில் மணிக்கு 180 கிலோமீட்டரில் போகும் கார் 1 மில்லி செகண்டில் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அங்கே ஒளிக்கற்றையும், காரில் பொருத்தும் ரேடியோ கருவியான டிரான்ஸ்பாண்டரும்தான். உங்கள் பிரேக்கருக்கு அவ்வளவு வேண்டாம்.

கடிகாரம் வந்ததும் பெரிய கருவி எதுவும் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். பிபிஎஸ் துடிப்பை, வோல்டேஜ் ஒத்துப்போனால், அதன் சொந்த ஈவென்ட் இன்புட்டிலேயே மாட்டுங்கள். ஒவ்வொரு பதிவும் செகண்டின் பூஜ்யத்தில் வர வேண்டும். தள்ளி வந்தால் அந்த அளவுதான் இன்புட்டின் தாமதம். அப்புறம் ரிலே ஒன்றை 10:00:00-க்கு செட் செய்து, அதன் கான்டாக்டை இன்புட்டில் மாட்டுங்கள். பதிவு 10:00:00.009 என்று வந்தால், இன்புட் தாமதம் போக மீதி ரிலே எடுத்துக்கொண்டது. சில தடவை செய்து, எண் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். பிறகு எட்டு இன்புட்டையும் சேர்த்து ஒரே புஷ் பட்டனில் கட்டி அழுத்துங்கள். எட்டும் ஒரே மில்லி செகண்டில் பதிய வேண்டும். விற்பவர் முன்னிலையில், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்வது நல்லது.

கடிகாரத்துக்கு எங்கிருந்து சப்ளை கொடுக்கிறீர்கள் என்பதைக் கேள்வியில் சொல்லவில்லை. பேனலில் கிடைத்த 230 வோல்டில் மாட்டிவிடுவதுதான் வழக்கம். கரன்ட் போகும் கணத்தைப் பதிய வைத்த கருவி, கரன்ட் போனதும் தானும் சாகும். பிரேக்கர் ட்ரிப் காயிலுக்கு இருக்கும் பேட்டரி டிசியிலிருந்து கொடுங்கள், இன்புட்டுகளின் வோல்டேஜும் அங்கிருந்தே வரட்டும். சாட்டிலைட் சிக்னல் சற்று நேரம் போவதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை) தரமுள்ள டிசிஎக்ஸ்ஓ, அதாவது வெப்ப மாற்றத்தை ஈடுகட்டும் கிரிஸ்டல், மணிக்கு 3.6 மில்லி செகண்ட்தான் விலகும். எல்லா இன்புட்டுக்கும் அதே விலகல் என்பதால் ஒரே கடிகாரத்துக்குள் வரிசை மாறாது. கிரிஸ்டலை எப்போதும் ஒரே சூட்டில் வைக்கும், ஓவன் வைத்த ஆஸிலேட்டருக்குக் கூடுதல் பணம் கேட்டால், அதை நல்ல பேட்டரி சார்ஜரில் போடுங்கள் என்பது என் கருத்து. ஒவ்வொரு பதிவோடும் அப்போது லாக் இருந்ததா இல்லையா என்ற குறிப்பு வருகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்டெனாவைத் தகர ஷெட்டுக்கு வெளியே, வானம் திறந்த இடத்தில் வைக்க வேண்டும். ஆனால் கட்டடத்தின் உச்சியில் வேண்டாம். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். இடிதாங்கியின் காப்புக்குள் கொஞ்சம் தாழ்வாக வைத்து, கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் போட்டு எர்த் செய்யுங்கள்.

பழைய டைமரைக் கழற்ற வேண்டாம். ஒரு செலக்டர் ஸ்விட்ச் வைத்து, ஒரு பக்கம் கடிகார ரிலே, மறு பக்கம் டைமர் என்று கான்டாக்டர் காயிலுக்குக் கொண்டுவாருங்கள். கையால் ஊதும் புஷ் பட்டனை இரண்டுக்கும் பேரலலாக விட்டுவிடுங்கள். கடிகாரத்தில் மீதமிருக்கும் ரிலே ஒன்றை அலாரத்துக்கு வைத்து, லாக் இருக்கும்வரை அது எனர்ஜைஸ் ஆகியே இருக்கும்படி செட் செய்யுங்கள். லாக் போனாலும் சப்ளை போனாலும் அது விழும், டைம் ஆபீஸில் ஒரு விளக்கு எரியும். அன்றைக்கு ஸ்விட்சை டைமர் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.